குரலுக்கு உரியவர் யார்? துணுக்காய் ஒலிப்பதிவுகளும் பதிப்புரிமையும்

1990களில் வன்னிக்குள் ஒரு மனிதக் குரலைப் பதிவுசெய்வது எவ்வளவு பெரிய வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்ட காலம். செய்தி கேட்கவே இந்தப் பாடு என்றால், கசற்றைப் போட்டு ஒரு கிழவரின் பாட்டைப் பதிவுசெய்ய யாருக்கு வசதி இருந்தது? இருந்த கொஞ்சக் கசற்றுகளும் 2008இல் போர் துணுக்காய், மல்லாவிப் பக்கத்தால் போனபோது சனங்களின் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே இழுபட்டன. அவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்று கேட்டால் ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்து வன்னியில் முஸ்லிம்களின் குரல் இன்னும் அரிது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு நகரம், நாச்சிக்குடா எல்லாம் ஒரே மாதத்தில் வெறுமையாகின. கொண்டுபோனவை கையில் அடங்கியவை. மூத்தம்மாமாரின் தாலாட்டும் கல்யாண வீட்டுப் பாட்டும் நெஞ்சில்தான் போயின. அந்த நெஞ்சுகள் இன்று புத்தளத்திலும் வவுனியாவிலும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கின்றன.

நான் நீராவிப்பிட்டிக் குடும்பத்தவன். போர் முடிந்த பிறகு துணுக்காய் கல்வி வலயத்தில் சில ஆண்டுகள் படிப்பித்தேன். சனி ஞாயிறுகளில் கைத்தொலைபேசியோடும் ஒரு சின்ன மைக்கோடும் வவுனிக்குளம் பக்கம் சுற்றுவது வழக்கம். விடுமுறைக்குப் புத்தளம் போனால் அங்கேயும் அதே வேலை. துணுக்காயில் பாடியவர்கள் பெரும்பாலும் இந்துக் கமக்காரர்கள். புத்தளத்தில் பேசியவர்கள் நம்மவர்கள். ஒரு பக்கத்தில் அரிவு வெட்டுப் பாட்டும் பண்டிப்பள்ளும். மறுபக்கத்தில் தாலாட்டும் முனாஜாத்தும், இடையிடையே மாட்டு வியாபாரத்துக்கும் புடவை விற்கவும் வன்னிக்குள் போய்வந்த கதைகளும். இவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடு என்று நண்பர்கள் பலர் சொன்னார்கள். போடுவது பெரிய காரியமில்லை. இலவசமாகக் கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. அதைத் தேடிப் போனபோது தெரியவந்தவற்றை நம் வாசகர்களுக்காக எழுதி வைக்கிறேன். இதே வேலையை நம் ஊர்களில் இன்னும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல். முதலாம் உலகப் போரில் ஜேர்மனியர் பேர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் 'அரைப்பிறை முகாம்' என்று ஒன்றை நடத்தினார்கள். பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளில் போரிட்டுப் பிடிபட்ட முஸ்லிம் வீரர்களும் இந்திய வீரர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களைத் தம் பக்கம் இழுக்கலாம் என்ற கணக்கில் 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தார்கள். ஜேர்மன் மண்ணில் தொழுகைக்கென்று எழுந்த முதல் பள்ளிவாசல் அதுதான். அதே ஆண்டிலிருந்து 1918 வரை வில்ஹெல்ம் டோகன் என்பவர் ஏற்பாடுசெய்த ஒரு அரச ஆணைக்குழு முகாம் முகாமாகப் போய்க் கைதிகளைக் குழாய்க்கு முன்னால் நிறுத்திப் பேச வைத்தது, பாட வைத்தது. ஏறத்தாழ 250 மொழிகளிலும் வழக்குகளிலும் 1,650 இசைத்தட்டுகள். இன்று அவை பேர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்து ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆய்வாளருக்கு அது பொக்கிஷம். ஆனால் பாடியவன் கைதி. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழி இருந்ததா? தட்டு யாருடையது என்பதில் சிக்கல் ஒன்றும் இருக்கவில்லை, அரசாங்கத்துடையது. அதிலுள்ள குரல் யாருடையது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளும் ஆய்வாளரும் கேட்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில் இந்தியாவில் கிரியர்சனின் மொழியியல் அளவைக்காகவும் இசைத்தட்டுகள் பதிவாகின. ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு மொழிக்காரரும் தம் வழக்கில் சொல்வது அவற்றில் உண்டு. இன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் யாரும் கேட்கலாம். கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆனால் ஒரே கதையை எல்லார் வாயிலும் திணித்துப் பெற்ற பேச்சு அது. துணுக்காயில் ஒரு கமக்காரர் தன் பாட்டில் பேசுவதற்கும் அதற்கும் வெகுதூரம்.

இனி நம் நாட்டுச் சட்டம். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கக் கோவை போய், இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எழுதியவரின் உரிமை அவர் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டு. பாடுபவர், வாசிப்பவர், ஓதிக்காட்டுபவர் போன்ற நிகழ்த்துநருக்கும், ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் நம் சட்டம் தனித்தனியே 50 ஆண்டு உரிமை கொடுக்கிறது. ஆகவே ஒரே ஒரு பாட்டுக் கோப்பில் மூன்று நான்கு பேரின் உரிமைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். நாகூர் ஹனிபாவின் பழைய இசைத்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எழுதிய கவிஞர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஹனிபா, தட்டை வெளியிட்டது ஒரு கம்பனி. தட்டின் உரிமைக்காலம் முடிந்துபோயிருக்கலாம். கவிஞர் இறந்து 70 ஆண்டு ஆகாவிட்டால் வரிகளின் உரிமை உயிரோடு இருக்கும். "பழைய பாட்டுத்தானே" என்று சொல்லிவிட்டு அதை இணையத்தில் ஏற்றுவோர் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சொற்பொழிவு, விரிவுரை, சமயப் பிரசங்கம் போன்ற வாய்மொழி ஆக்கங்களையும் அந்தச் சட்டம் பாதுகாக்கிறது. ஜும்ஆ பிரசங்கத்தையும் பயானையும் முன்வரிசையில் இருந்து கைத்தொலைபேசியில் பிடித்துத் தன் பெயரில் பரப்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மார்க்க விசயம்தானே, நன்மைதானே என்பது அவர்களின் பதில். நன்மை சரி, ஹஸ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நூல், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றின் உரிமை மார்க்கத்தில் மதிக்கத்தக்க சொத்துரிமை, அதை மீறுவது கூடாது என்று தீர்மானம் எடுத்தது. அதன் இலக்கம் 43. குர்ஆனின் மூலத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஒரு காரி ஓதிய பதிவு அவருடைய உழைப்பு, அதைப் பதிந்தவரின் செலவு. தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருடையது.

நாட்டார் பாட்டு விசயம் வேறு. வவுனிக்குளம் பக்கத்தில் எண்பது தாண்டிய ஒரு கமக்காரர் எனக்குப் பண்டிப்பள்ளில் ஒரு பகுதி பாடினார். காட்டுப்பன்றி வயலுக்குள் விழுந்து அடிக்கும் அட்டகாசம் பற்றிய பாட்டு. பாடி முடித்ததும் அவர் கேட்டார்: "தம்பி, உதை நீ எங்கை போடப்போறாய்? போட்டாப்பிறகு உது உன்ரையோ என்ரையோ?" நான், "அப்பு, பாட்டு ஆர் கட்டினது?" என்றேன். "ஆருக்குத் தெரியும்? என்ர அப்பு பாடினவர். அவற்றை அப்புவும் பாடினவராம்."

அவர் கேட்டதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, ஆனால் அது நேரான பதில் இல்லை. பாட்டைக் கட்டியவர் தெரியாது, ஆகவே அது நாட்டார் வெளிப்பாடு. அன்றைக்கு அதைப் பாடிய பாட்டு அவருடைய நிகழ்த்துகை, ஏனென்றால் நாட்டார் வெளிப்பாட்டைப் பாடுபவரும் சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துநரே. பதிவு என்னுடையது, நான் முன்வந்து பொறுப்பெடுத்துச் செய்ததால். ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து என்னை அனுப்பியிருந்தால் கதை மாறும். இதற்கு மேல் 24ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நாட்டார் வெளிப்பாடுகளை இலாப நோக்கோடு, அல்லது அவற்றின் மரபுச் சூழலுக்கு வெளியே, படியெடுப்பதற்கும் பரப்புவதற்கும் அமைச்சர் குறிக்கும் அதிகாரபீடம் ஒன்றின் அனுமதி வேண்டும் என்கிறது அது. ஒருவர் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவதற்கும், கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் விலக்கு உண்டு. ஆகவே நான் எந்த உரிமத்தை ஒட்டினாலும் எனக்குரிய பங்கைத்தான் கொடுக்கிறேன். பண்டிப்பள்ளை உலகத்துக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. "பாட்டு ஊருடையது, நீங்கள் பாடினது உங்களுடையது, பதிஞ்சது நான்" என்று அவருக்குச் சொன்னேன். "அப்ப மூண்டு பேருக்கும் பங்கு" என்று சிரித்தார். சட்டத்தரணி ஒருவர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

கிழக்கிலே முஸ்லிம் பெண்களும் கமக்காரரும் பாடிய கவிகளைத் தேடித்தேடித் தொகுத்த நிந்தவூர் எஸ். முத்துமீரானை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். கவி ஊருடையது, ஆனால் தெரிந்தெடுத்து, வரிசைப்படுத்தி, குறிப்பெழுதிய அந்தத் தொகுப்பு வேலை அவருடையது. அவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே மைக்கில் வாசித்துவிட்டு "நாட்டார் பாடல், யாருக்கும் சொந்தமில்லை" என்று போடுவது நியாயமில்லை. அதே கவியைச் சொல்லும் ஒரு உம்மாவைத் தேடிப்போய் அவர் வாயால் கேட்டுப் பதிந்தால் அது வேறு விசயம்.

நாட்டாரை விட்டு எழுத்திலக்கியத்துக்கு வந்தால் பாதை அகலமானது. 2005இல் ஹியூ மக்குவயர் என்ற கனடாக்காரர் தொடங்கிய லிப்ரிவொக்ஸ் என்ற தன்னார்வத் திட்டம், உரிமைக்காலம் முடிந்த நூல்களை மட்டும் எடுத்து, உலகெங்கும் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்ய, அந்தப் பதிவையும் பொதுச்சொத்தாகவே விட்டுவிடுகிறது. அமெரிக்கச் சட்டக் கணக்கில் உரிமை முடிந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அங்கே பழைய நூல்களுக்கு, வெளிவந்து 95 ஆண்டு என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் நம் கையில் என்ன இருக்கிறது? சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது, அவர் காலமானது 1898இல். எந்த நாட்டுக் கணக்கிலும் அது விடுதலையான நூல். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம், அதை முழுதாக வாசித்தவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்? பத்து இளைஞர்கள் அத்தியாயங்களைப் பங்கிட்டுக்கொண்டால் ஒரு மாதத்தில் கேட்கும் நூலாகிவிடும். அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் 1918இல் மறைந்தார். அவர் பாடல்களும் அப்படியே. 1572இல் அரங்கேறிய 'ஆயிரம் மசலா', உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீறா மூலம் மதுரைத் திட்டத்தில் எழுத்தாகவே இருக்கிறது, புத்தகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உரை, பதிப்பு என்று வரும்போது நிதானம் வேண்டும். சீறாவுக்கு உரை செய்த செய்குத்தம்பிப் பாவலர் 1950இல் காலமானார். இலங்கைக் கணக்கில் 2020 முடிவோடு அவர் எழுத்தின் உரிமைக்காலம் தீர்ந்தது. ஆனால் அண்மையில் வந்த ஒரு பதிப்பில் வேறொருவர் எழுதிய பதவுரையும் முன்னுரையும் சேர்ந்திருக்கும். அது அவருடையது. பேராசிரியர் ம. மு. உவைஸ் மறைந்தது 1996இல். அவருடைய நூல்களை ஒலியாக்க விரும்பினால் 2066 வரை குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று யார் சொன்னது? நூலக நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்ப்பது எழுத்தாளர்களிடமும் குடும்பங்களிடமும் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான். கடிதம் எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டவர்களால்தான் நமக்கு ஒரு நூலகம் கிடைத்தது. அவர்களுடைய 'ஆவணகம்' என்ற பல்லூடகக் காப்பகத்தில் வாய்மொழி வரலாறுகளும் கேட்கக் கிடைக்கின்றன.

அடுத்தது உரிமம். 2002 இறுதியில் வந்த கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லும்போது நான் வக்ஃபை உதாரணம் காட்டுவதுண்டு. கிணற்றை வக்ஃப் செய்தவர் நாளைக்கு மனம் மாறி, "என் கிணறு, தண்ணீர் அள்ளாதே" என்று சொல்ல முடியாது. இந்த உரிமங்களும் அப்படி, ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. தளத்திலிருந்து கோப்பை நீக்கலாம், ஆனால் ஏற்கெனவே படியெடுத்தவரின் உரிமை போகாது. வக்ஃபில் நிபந்தனை வைப்பதுபோல் இதிலும் வைக்கலாம். பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று, மாற்றிச் செய்தால் அதையும் இதேபோல் பகிர வேண்டும் என்பது ஒன்று, வணிகத்துக்குக் கூடாது, மாற்றம் கூடாது என்பன மற்றவை. வக்ஃப் செய்யும் பொருள் தனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற சட்டமும் இங்கே அப்படியே பொருந்தும். அடுத்தவன் காணியை யாரும் வக்ஃப் செய்ய முடியாது.

பெயர் சொல்லும் நிபந்தனை நம் மரபுக்குப் புதிதில்லை. ஹதீஸின் ஸனது என்றால் என்ன? யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலிதானே. உஸ்தாத் தன் மாணவருக்கு இஜாஸா கொடுத்தால்தான் அவர் அதை மேலே அறிவிக்கலாம் என்ற ஒழுங்கு நம்மிடம் நூற்றாண்டுகளாக இருந்தது. அச்சுக்கூடச் சட்டம் நமக்கு வந்தது எவ்வளவோ பிந்தி.

எந்த உரிமத்தைத் தெரிவது என்பதில் என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். விக்கிமீடியா கொமன்ஸில் போட வேண்டுமானால் வணிகத் தடையும் மாற்றத் தடையும் உள்ள உரிமங்களை அங்கே ஏற்கமாட்டார்கள். ஆகவே நாவல் வாசிப்பு, சொல் உச்சரிப்பு, பறவைச் சத்தம் போன்றவற்றுக்கு 'பெயர் சுட்டி, அதேபோல் பகிர்தல்' போதும், தாராளமாகக் கொடுக்கலாம். மோசில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்துக்குக் குரல் கொடுப்பதும் நல்ல காரியம். இயந்திரத்துக்குத் தமிழ் கேட்கப் பழக்கும் அந்தத் தொகுதியில் வன்னித் தமிழும் புத்தளத் தமிழும் இருக்கத்தானே வேண்டும். ஆனால் அங்கே எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டுக்கொடுக்கிறீர்கள், உங்கள் பெயரைக்கூட யாரும் சொல்லத் தேவையில்லை என்பதை அறிந்து கொடுங்கள். அடுத்தவரின் முனாஜாத்து, அழுகை, இடம்பெயர்ந்த கதை என்றால் எனக்கு வணிகத் தடை வேண்டும். அதனால் கொமன்ஸில் இடம் கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும், இன்டர்நெட் ஆர்க்கைவிலோ ஆவணகம் போன்ற இடத்திலோ வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் நிபந்தனையின்றிப் போட்ட கசீதா ஒன்றை யாரோ எடுத்து, பின்னணியில் இசையைச் சேர்த்து, ஒரு காணொளித் தளத்தில் தன் ஆக்கமாகப் பதிவுசெய்துவிட்டார். பிறகு மூலப் பதிவை ஏற்றியவருக்கே, நீ உரிமை மீறுகிறாய் என்று தானியங்கி எச்சரிக்கை வந்தது. அதை நீக்கிக்கொள்ள அவருக்குக் கைகொடுத்தது, பதிவுத் தேதியோடு அவர் வைத்திருந்த மூலக் கோப்பு ஒன்றுதான்.

உரிமம் என்பது பதிப்புரிமைக்கு மட்டும் பதில் சொல்லும். ஒருவரின் அந்தரங்கத்துக்கு அது பதில் சொல்லாது. புத்தளத்தில் தில்லையடிப் பக்கம், நீராவிப்பிட்டியில் பிறந்த ஒரு மூத்தம்மாவிடம் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். தாலாட்டு ஏழு பாடினார். பிறகு தானாகவே 1990 ஒக்டோபருக்குப் போய்விட்டார். அயலில் இருந்த தமிழ்ப் பெண்ணொருத்தி பின்பக்க வேலியால் வந்து, வழிக்கு என்று அரிசிமாப் பொட்டலம் தந்து கட்டிப்பிடித்து அழுததை, அவள் பெயரோடும் வீட்டுக்குறியோடும் சொன்னார். வேறு சிலவும் சொன்னார், அவற்றை இங்கே எழுதமாட்டேன். முடிவில் நான் மைக்கை நிறுத்தாமலே கேட்டேன்: "மூத்தம்மா, இத உலகமெல்லாம் கேக்கிற மாதிரிப் போடலாமா?" கொஞ்சம் யோசித்தார். "தாலாட்ட போடு மகன். புள்ளயள் கேக்கட்டும். மத்தது நான் மௌத்தாப் போனப்பொறவு. அவ புள்ளயளும் அங்கின இரிக்கிதுகள்."

அந்த வார்த்தைகளில் எனக்கு முழு வழிகாட்டல் இருந்தது. சம்மதம் என்பது ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லில் முடிவதில்லை. எந்தப் பகுதி, யாருக்கு, எப்போது என்று அதற்குள் அறைகள் இருக்கின்றன. அவர் காத்தது தன் அந்தரங்கத்தை மட்டுமில்லை, இருபது ஆண்டுக்கு மேலாகக் காணாத அயல்காரியையும் சேர்த்துத்தான். சட்டத்தின்படி அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதிவில் எந்த உரிமையும் இல்லை. மூத்தம்மாவின் நீதியில் இருக்கிறது. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு, சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையின் ஏற்பாட்டில் சாட்சியங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டது. 2018இல் மறைந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தன் ஆயுளில் பெரும்பகுதியை அந்த வெளியேற்றத்தை ஆவணப்படுத்தவே செலவிட்டார். கணக்கும் சாட்சியமும் அவர்கள் முயற்சியால் எழுத்தில் நிலைத்தன. குரல் அப்படியில்லை. எழுத்தில் பெயரை மறைக்கலாம், குரலில் மறைக்க முடியாது. ஊரில் ஒருவர் பத்து வினாடி கேட்டால் போதும், இன்னார் என்று சொல்லிவிடுவார்.

ஆகவே நான் பின்பற்றும் ஒழுங்கு இதுதான். பதிவின் தொடக்கத்திலேயே திகதி, இடம், என் பெயர் சொல்லி, எதற்காகப் பதிகிறேன் என்று பேச்சுத் தமிழில் விளக்கி, பேசுபவரின் வாயால் சம்மதத்தை வாங்கிவிடுவேன். பிறகு ஒரு பக்கத் தாளில் ஒப்பம், இயலாதவரிடம் பெருவிரல் அடையாளம், பக்கத்தில் குடும்பத்தவர் ஒருவரின் ஒப்பம். தாளில் தடித்த எழுத்தில் ஒரு வரி: இணையத்தில் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. இந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டுப் பின்வாங்கியவர்கள் சிலர் உண்டு, அது அவர்கள் உரிமை. ஒரு வாரம் கழித்துப் பதிவை அவர்களுக்கே போட்டுக்காட்டி, "இதில் எதையாவது வெட்ட வேணுமா?" என்று மறுபடியும் கேட்பேன். முதல் நாள் உற்சாகத்தில் சொன்னதை இரண்டாம் முறை கேட்கும்போது, பக்கத்து வீட்டுக் காணித் தகராறு போன்றவற்றை வெட்டச் சொல்வார்கள். மூத்தம்மாவின் அந்தப் பகுதி தனிக் கோப்பாக, எப்போது திறக்கலாம் என்ற குறிப்போடு, இணையத்தோடு தொடுக்காத வன்தட்டில் அமானிதமாக இருக்கிறது. குறிப்பின் பிரதி அவர் மகளிடம்.

தொழில்நுட்பம் பற்றிச் சிலர் அதிகம் பயப்படுகிறார்கள். விலை கூடிய கருவி தேவையில்லை, அமைதிதான் தேவை. துணுக்காயில் பகலில் லாண்ட்மாஸ்டர், இரவில் தவளை, விடிய மயில். நான் கண்ட நல்ல நேரம் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீட்டை விட மரநிழல் நல்லது, எதிரொலி குறையும். மூலத்தை வேவ் கோப்பாகவே எடுங்கள். 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு 520 மெகாபைட் அளவு வரும். அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பகிர்வதற்கு மட்டும் 128 கிலோபிட் எம்.பி.3 எடுத்தால் அதே ஒரு மணிநேரம் 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும், கிராமத்துத் தொடர்பிலும் ஏறும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பியதை மூலம் என்று நம்பாதீர்கள், அது நசுங்கிப்போன பிரதி. சத்தத்தைச் சுத்தமாக்குகிறேன் என்று மூச்சையும் இருமலையும் வெட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒருவர் வார்த்தையைத் தேடி நிற்கும் இடமும் பேச்சில் சேர்த்திதான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் நம்மவர்கள் கவனமில்லை. 'ஓடியோ 0047' என்று கிடக்கும் பதிவை இருபது ஆண்டு கழித்து யார் என்னவென்று கண்டுபிடிப்பது? யார், பிறந்த ஊர், பதிந்த ஊர், திகதி, என்ன பாட்டு, யாரிடம் கற்றது, எந்த உரிமம், இவ்வளவும் கோப்போடு ஒரு சின்ன எழுத்துக் கோப்பாக இருக்க வேண்டும். வெளியேற்றப்பட்டவர்களைப் பொறுத்தவரை பிறந்த ஊரும் பதிந்த ஊரும் வேறு வேறு என்பதால் இரண்டையும் விடக்கூடாது. 'புத்தளத் தாலாட்டு' என்று ஒருவர் அட்டவணைப்படுத்திவிட்டால் நீராவிப்பிட்டி இரண்டாம் முறையும் காணாமல் போய்விடும். பிரதிகள் மூன்று இருக்கட்டும், ஒன்றாவது வேறு ஊரில், வேறு வீட்டில்.

வீட்டு அலுமாரிகளில் இன்னும் பழைய கசற்றுகள் கிடக்கும். வாப்பா மத்திய கிழக்கிலிருந்து பேசி அனுப்பியது, நிக்காஹ் வீட்டில் பதிந்தது, முஸ்லிம் சேவையிலிருந்து வானொலிக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தது. வானொலியில் பிடித்ததை வீட்டில் கேட்கலாம், வெளியிடுவதற்கு ஒலிபரப்பாளரின் அனுமதி வேண்டும். மற்ற இரண்டும் உங்கள் குடும்பத்தின் சொத்து. போடுவதா வைத்திருப்பதா என்று நீங்களே தீர்மானியுங்கள். எதுவானாலும், கண்டெடுத்த கையோடு ஒலிக்கவிட்டுப் பார்க்க அவசரப்படாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடா அழுக்கான கருவியில் ஒரே ஓட்டத்தில் சிக்கி அறுந்துவிடும். முதலில் கசற்றின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாராவது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் பழைய குரல் அழியாது.